"ஆஸ்பத்திரியில பெருக்கச் சொல்லுவாங்களாம், என் பையனுக்கு அது வேணுமா?"

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

தேனிப் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பம். அவர் பனியன் கம்பெனியில் செக்கிங், கணவர் சாயப்பட்டறையில். இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட். வீடு திரும்ப இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். பிளஸ் ஒன் படிக்கும் 16 வயது மகன், அதே லைன் வீட்டில் குடியிருக்கும் 19 வயதுப் பையனோடும் ஒரு வகுப்புத் தோழனோடும் சேர்ந்து, மளிகைக் கடை வாசலில் சாவியோடு நின்ற பைக்கை எடுத்து ஓட்டியிருக்கிறான். பெட்ரோல் தீர்ந்ததும் பல்லடம் ரோட்டில் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். டேங்க் கவரில் இருந்த செல்போனை 19 வயதுக்காரன் விற்றிருக்கிறான். "போன் இருந்ததே எனக்குத் தெரியாது" என்கிறான் மகன்.

போலீஸ் வந்து அழைத்துப் போனது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜர் செய்தார்கள். ஜாமீனில் அம்மாவோடு வந்துவிட்டான். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு, "கவுன்சலிங் அனுப்புவாங்க, ஆஸ்பத்திரியில சமூக சேவை செய்யவும் சொல்லலாம்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இந்தத் தாய்க்குத் தூக்கமில்லை. ஆஸ்பத்திரியில் பெருக்குவதை ஊர் பார்த்தால் மானம் போகாதா? கவுன்சலிங் என்றால் பையனுக்குப் புத்தி சரியில்லை என்று ஆகிவிடாதா? கோர்ட் வாசலில் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் ஃபைனோடு முடித்துத் தருகிறேன் என்கிறாரே, கொடுக்கலாமா? போலீஸ் வேலைக்குப் போக ஆசைப்பட்டவன், இனி அது நடக்குமா? பள்ளியில் டிசி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்களே?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுக்கப்போவதில்லை. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் பேசிவிடுவோம்.

"நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி"

மகன் இப்படி இரண்டு முறை சொன்னான், கோபத்தில் பேசுகிறான் என்று விட்டுவிட்டோம் என்கிறீர்கள். விடாதீர்கள். போலீஸ் அழைத்துப் போனதை லைன் வீடு முழுக்கப் பார்த்திருக்கிறது. அப்பா பெல்ட்டால் அடித்திருக்கிறார், அன்றிலிருந்து பேசுவதும் இல்லை. நீங்கள் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். அந்த வீட்டில் நீங்கள் வரும்வரை அவன் தனியாக இருக்கிறான்.

இன்றைக்கே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பெற்றோர் பயப்படுவார்கள். அப்படி நடப்பதில்லை, மனசில் இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். "ஆமாம்" என்றாலோ, பதில் பேசாமல் அழுதாலோ, அவனைத் தனியே விடாமல் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. உங்கள் பக்கத்து வீடுகளில் சாணிப்பவுடர் வாங்கி வைக்கும் பழக்கம் உண்டு. அது, எலி மருந்து, எது இருந்தாலும் இன்றே வீட்டை விட்டு அகற்றுங்கள். வாய்தாவும் வக்கீலும் இதற்கு அப்புறம்தான்.

சரி, இப்போது வழக்குக்கு வருகிறேன். நான் மனநல ஆலோசகர், வக்கீல் அல்ல. ஆனால் குழுமம் அனுப்பும் பிள்ளைகளோடு வேலை செய்வதால் அங்கே நடப்பது ஓரளவு தெரியும். இலவச சட்ட உதவி உங்கள் மகனின் உரிமை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள்.

ஃபைன் கட்டி முடிப்பது

கோர்ட் வாசல் ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அபராதம் என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் குழுமம் போடக்கூடிய உத்தரவுகளில் ஒன்று. அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், குழு ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம், நன்னடத்தைப் பேரில் பெற்றோர் பொறுப்பில் விடலாம், சிறப்பு இல்லத்துக்கும் அனுப்பலாம். எதைப் போடுவது என்பதை ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்துதான் முடிவு செய்வார்கள். வாசலில் நிற்பவர் எதற்கும் உத்தரவாதம் தர முடியாது. அவர் வாங்கும் 15,000 அபராதக் கணக்கில் சேரவும் சேராது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அபராதமே போட்டாலும் அதைக் கட்டுவது யார்? நீங்கள் இன்னும் எத்தனையோ நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்துக் கட்டுவீர்கள். வண்டியை எடுத்தவன் அவன், கட்டுகிறவர் நீங்கள். அவனுக்கு அதில் மிஞ்சுவது, அம்மாவுக்கு இன்னொரு பாரம் ஆகிவிட்டோம் என்ற நினைப்பு மட்டும்தான். அந்த நினைப்பு ஏற்கெனவே அவனிடம் அளவுக்கு மேல் இருக்கிறது.

"எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று அதே ஆள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதிலும் கவனம். பைக்கை ஓட்டியதும் போனை விற்றதும் வேறு வேறு. செய்ததைத் தன் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லட்டும். செய்யாததைச் செய்ததாக ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. கவுன்சலிங்கோ சமூக சேவையோ எதுவானாலும், விசாரித்து, பையன் செய்தான் என்று குழுமத்துக்குத் தெளிவான பிறகுதான் 18ஆம் பிரிவில் உத்தரவு வரும். அலுவலர் உங்களிடம் சொன்னது என்ன வரலாம் என்பதை மட்டும். வழக்கு வருடக் கணக்கில் இழுக்கும் என்றும் பயப்பட வேண்டாம். திருட்டுக்குப் பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை என்பதால் இந்தச் சட்டத்தில் அது சிறு குற்றம். சிறு குற்ற விசாரணை 4 மாதத்தில் முடிய வேண்டும், மேலும் 2 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் நடவடிக்கை அத்தோடு முடிந்துவிடும்.

சிறுவன் மேல் எஃப்ஐஆரே போடக்கூடாது என்று உங்கள் தம்பி சொன்னது பாதி சரி. பொதுவாக இப்படிப்பட்ட சிறு குற்றங்களில் போடுவதில்லை, பொது நாட்குறிப்பில் பதிவு செய்து, பையனின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவார்கள். கூடவே 18 வயது கடந்தவரும் இருந்தால் எஃப்ஐஆர் வரும். உங்கள் விஷயத்தில் நடந்தது அதுதான். ஆனால் அந்த 19 வயதுக்காரனோடு சேர்த்து உங்கள் மகனை விசாரிக்க முடியாது. அவன் வழக்கு வேறு கோர்ட்டில் தனியாக நடக்கும்.

போலீஸ் வேலைக் கனவு

இதில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். இந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, குழுமம் கையாண்ட வழக்கால் சிறுவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அந்த ஆவணங்களை அழித்துவிட வேண்டும். நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் அந்த விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 74ஆம் பிரிவு சொல்கிறது. மத்திய தொழிற் பாதுகாப்புப் படையில் உதவி ஆய்வாளர் வேலைக்குத் தேர்வான ஒருவருக்கு, சிறுவயது வழக்கைக் காட்டி வேலை மறுத்தது தவறு என்று 2019ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லாம் 18 வயது வரை நடப்பதற்குத்தான். இன்னும் ஒன்றரை வருடத்தில் அவனுக்கு 18 ஆகிவிடும். அதற்கு அப்புறம் இதே காரியம் நடந்தால் இந்தக் கதவு எதுவும் திறக்காது. இதைப் பையனிடம் மிரட்டலாகச் சொல்லாமல், தகவலாகச் சொல்லுங்கள். போலீஸ் வேலையில் ஆசை உள்ளவனுக்குப் புரியும்.

பெருக்குவதா, ஆளோடு பழகுவதா

சமூக சேவை என்பது குடிகாரர்களுக்குக் கொடுக்கும் தண்டனை என்று டிவியில் சொன்னார்கள், அதை என் பையனுக்குக் கொடுக்கிறார்களே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். டிவியில் சொன்னது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா பற்றி. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்வது போன்ற சில குற்றங்களுக்கு, பெரியவர்களுக்கு அதில் இப்படி ஒரு தண்டனை புதிதாக வந்திருக்கிறது. சிறுவர் சட்டத்தில் சமூக சேவை 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான். பூங்கா பராமரிப்பு, முதியோருக்கு உதவி, ஆஸ்பத்திரியில் உதவி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு உதவி, போக்குவரத்து ஒழுங்கு என்று மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன.

"கட்டுரை எழுதிட்டு வந்துடுவான்" என்று பக்கத்து வீட்டார் கிண்டல் செய்வது 2024 மே மாதம் புனேயில் நடந்ததை வைத்து. இரண்டு உயிர் போன கார் விபத்தில், 17 வயதுப் பையனுக்கு ஜாமீன் கொடுக்கும்போது 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாடே கொதித்தது, எனக்கும் அந்தக் கோபம் நியாயமாகத்தான் பட்டது. அதை வைத்து உங்கள் மகன் விஷயத்தை எடைபோட வேண்டாம்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. சமூக சேவை நன்றாகவும் நடக்கும், கண்றாவியாகவும் நடக்கும். ஒரு பையனைக் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து வார்டுக்குப் பின்னால் விட்டார்கள். என்ன செய்தான், எப்போது போனான் என்று கேட்க ஆளில்லை. ஊழியர்கள் அவனை "கேசு" என்றே கூப்பிட்டார்கள். "டேய் கேசு, டீ வாங்கிட்டு வாடா." உத்தரவில் சொன்ன நாட்கள் முடிந்தன, கையெழுத்தும் கிடைத்தது, பையன் முன்னைவிட முரடனாக என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

இன்னொருவனை மருந்து கொடுக்கும் கவுன்ட்டர் பக்கம் ஒரு மூத்த மருந்தாளுநர் தன்னோடு நிறுத்திக்கொண்டார். மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு விழிக்கும் பாட்டிகளுக்கு எதை எப்போது சாப்பிடுவது என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் வாயே திறக்கவில்லையாம். அப்புறம் அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். காலை மாத்திரை அட்டையில் பேனாவால் ஒரு சூரியன், ராத்திரி மாத்திரையில் ஒரு நிலா. அடுத்த மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பாட்டிகள் "அந்தப் படம் போடுற தம்பி எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவனைத் தேடி யாராவது வருவது அவன் வாழ்க்கையில் அதற்கு முன் போலீஸ் மட்டும்தான். இது என் பேச்சு அல்ல, அவனே சிரித்துக்கொண்டு சொன்னது.

இரண்டு பேருக்கும் போட்ட உத்தரவு ஒன்றுதான். அவன் அங்கே தேவைப்படுகிறானா, அவனைக் கவனிக்க ஒரு பெரியவர் இருக்கிறாரா, இவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே இதிலிருந்து மகனை எப்படித் தப்ப வைப்பது என்று அலைவதை விட்டுவிட்டு, எங்கே, யாரிடம், எந்த நேரத்தில் என்று பேசுவதற்கு அந்த அலைச்சலைச் செலவழியுங்கள். நன்னடத்தை அலுவலரின் சமூகப் புலனாய்வு அறிக்கையைப் பார்த்துத்தான் குழுமம் முடிவெடுக்கும். அவரிடமும் வக்கீல் மூலமும் நீங்கள் கேட்கலாம்:

• உங்கள் லைன் வீட்டு ஆட்கள் அதிகம் வராத இடமாக இருக்கட்டும். வழக்கு விவரம் பொறுப்பாளர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், ஊழியர் எல்லாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

• மேற்பார்வைக்கு யார் என்று குறிப்பாக ஒரு ஆளைச் சொல்லச் சொல்லுங்கள். "ஆஸ்பத்திரி நிர்வாகம்" என்றால் யாருமே இல்லை என்றுதான் அர்த்தம்.

• மருத்துவக் கழிவு, கழிவறை சுத்தம் போன்றவை வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

• கூடச் சிக்கிய தோழனை அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குப் போட வேண்டாம் என்று கேளுங்கள். சிக்கலில் இருக்கும் பையன்களை ஒன்றாகக் கூட்டி வைத்த சில திட்டங்களில் அவர்கள் மேலும் கெட்டுப்போனதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1999லேயே எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் ஆய்வு தேவையில்லை, டீக்கடை பெஞ்சைப் பார்த்தாலே தெரியும்.

நேரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது பைக் அல்ல. நாலரைக்குப் பள்ளி விட்டு வருகிறான். நீங்கள் வர ஒன்பதரை. தினமும் ஐந்து மணி நேரம் அவனுக்கென்று யாரும் இல்லை. அந்த இடத்துக்குத்தான் 19 வயதுக்காரன் வந்தான். பரோட்டா வாங்கிக் கொடுத்தான், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? சமூக சேவையைப் படிப்பைக் கெடுக்காமல் அந்த மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வைக்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு அந்த ஐந்து மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள். மிக்ஸியைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்கிறவன் என்கிறீர்கள். நல்லது. பள்ளி முடிந்ததும் ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு ஒரு வழி. அதுவரை உங்கள் இரண்டு பேரில் ஒருவராவது வாரத்தில் சில நாள் ஒரு ஷிப்டோடு வர முடியுமா பாருங்கள். சம்பளம் குறையும், தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

கவுன்சலிங்குக்கு யார் யார் வர வேண்டும்

கவுன்சலிங் போனால் பைத்தியம் என்று அர்த்தமில்லை, இதை விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆனால் அங்கே போனால் "நல்ல புத்தி சொல்லி" அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தீர்களானால் ஏமாந்துபோவீர்கள். புத்தி அவனுக்கு வேண்டிய அளவு சொல்லியாகிவிட்டது. முதல் சில வாரம் அவன் ஒன்றும் பேசாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். வெளியே வந்ததும் "உள்ளே என்ன சொன்னே?" என்று குடையாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஆலோசகரே உங்களிடம் சொல்லிவிடுவார்.

அவன் அப்பாவும் வர வேண்டும். தெரிந்த எஸ்ஐயிடம் சொல்லி "ரெண்டு தட்டு தட்டி, லாக்கப்பைக் காட்டி" அனுப்பச் சொல்லலாம் என்பது அவர் யோசனை என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுவனை லாக்கப்பில் வைக்கவே சட்டப்படி கூடாது, அந்த எஸ்ஐக்கும் அது தலைவலி. அது இருக்கட்டும், இந்த மருந்து வேலையும் செய்யாது. 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், ராவே சிறைக்குப் பையன்களைக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். பெரிய பேர் கிடைத்தது. பின்னால் இப்படிப்பட்ட திட்டங்களைச் சரியாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, மிரட்டப்பட்ட பையன்கள் சும்மா விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். உங்கள் கணவர் கெட்டவர் இல்லை. மகன் கை விட்டுப் போகிறான் என்ற பயம், அது பெல்ட்டாக வருகிறது. அதை அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

பள்ளியில் டிசி

வாங்காதீர்கள். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சரிசெய்வது கஷ்டம். வழக்கைக் காரணம் காட்டுகிறார்கள் என்றால், அந்தக் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் மனு கொடுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098லும் சொல்லலாம். பையன் பள்ளிக்குப் போக வேண்டும் என்று குழுமமே தன் உத்தரவில் சேர்க்க முடியும், வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். பள்ளியை நிறுத்திவிட்டுத் தன்னோடு பட்டறைக்குக் கூட்டிப்போகிறேன் என்று கணவர் சொல்வதற்கும் இதே பதில்தான். சாயமும் ரசாயனமும் புழங்கும் இடத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவனை நிறுத்தினால் அது வேறு வழக்கு.

பைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எண்ணம் நல்லது. ஆனால் வழக்கு நடக்கும்போது வீட்டுக்குப் போனால், சாட்சியைக் கலைக்க வந்ததாகச் சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. வக்கீலிடமோ நன்னடத்தை அலுவலரிடமோ சொல்லி, அவர்கள் வழியாகச் செய்யுங்கள். மன்னிப்பு அவன் வாயிலிருந்து வர வேண்டும், நீங்கள் பேசிக் கொடுக்கக்கூடாது.

அடுத்த வாய்தா 20ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் சட்ட உதவி வக்கீலைப் பார்த்துவிடுங்கள். அன்றைக்குக் கணவரையும் லீவு போடச் சொல்லிக் கூட்டிப் போங்கள். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போங்கள்.